கத்தோலிக்க மறையுரைக்கு மறுமொழி: நற்கருணை, புனிதர் பரிந்துரை பற்றி வேதபாட வகுப்பு எடுக்கும் முறை

ஆகஸ்ட் பிறந்ததும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் புதுச்சேரி, கடலூர் வழியாகச் சாரிசாரியாகப் போவார்கள். 15ஆம் தேதி மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். நம் சபைகளின் வேதபாட வகுப்பில் கேள்விகள் கிளம்புவதும் இந்த நாட்களில்தான். சம்பந்தி வீட்டுப் பூசைக்குப் போய்வந்தவர் கேட்பார்: “அவங்க ஃபாதர் யோவான் 6ஐ எடுத்து, நற்கருணை இயேசுவோட உடலேதான்னு அழகா பேசினாரு. அதுக்கு நம்ம பதில் என்ன?”

வகுப்பு எடுப்பவர் பலரும் செய்வது ஒன்றுதான். எங்கோ கிடைத்த துண்டுப்பிரதியை அடுத்த ஞாயிறு அப்படியே வாசித்துவிடுவார்கள். அதில் பாதி வாதம் அவர்களுடைய சொந்த ஞானோபதேசத்தின் (சபையின் வினாவிடைப் போதனை நூலின்) மேலேயே போய் விழும். இந்தக் குறிப்பு அதைத் தவிர்ப்பதற்காக. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வகுப்பு நடத்தும் உபதேசியார், ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் சங்கத் தலைவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் உங்கள் சபை எங்கே நிற்கிறது

நற்கருணையில், அதாவது திருவிருந்தில், “புராட்டஸ்டன்ட் போதனை” என்று ஒன்றே ஒன்று கிடையாது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியும் இந்த ஒரு விஷயத்தில் சேரவில்லை. “இது என் சரீரம்” என்ற வார்த்தைகளை லூத்தர் மேசையின் மேல் சாக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து அசைய மறுத்தார்.

ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே கடலூர்தான். அந்தச் சபையார் கையில் இருப்பது 1529இன் சிறிய ஞானோபதேசமும் 1530இன் அவுக்ஸ்புர்க் அறிக்கை என்ற லுத்தரன் விசுவாச அறிக்கையும். அறிக்கையின் 10ஆம் பிரிவு கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் திருவிருந்தில் மெய்யாகவே இருக்கின்றன, உண்கிறவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன என்று சொல்கிறது. சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27இல் பல மரபுகள் சேர்ந்து உண்டானது. அதில் ஆங்கிலிக்க மரபின் கொள்கை அறிக்கையான 39 பிரிவுகளில் 28ஆவது, சரீரம் கொடுக்கப்படுவதும் உண்ணப்படுவதும் பரலோகத்துக்குரிய, ஆவிக்குரிய முறையில் என்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் அது நினைவுகூருதல். ஆகவே லுத்தரன் வகுப்பில் நின்றுகொண்டு “அது வெறும் அடையாளம்தான், ஃபாதர் தப்பாகச் சொல்கிறார்” என்று பேசினால், நீங்கள் மறுப்பது ஃபாதரை அல்ல, உங்கள் ஞானோபதேசத்தை. எங்கள் கணிப்பில் மிகச் சாதாரணமான தவறு இதுதான். மிகப் பெரியதும் இதுதான்.

பிரசங்கத்தைக் குறித்துக்கொள்ளுதல்

கேட்டவர் சொன்னதை வைத்துப் பதில் தயாரிக்காதீர்கள். “மாதாவை ஆராதிக்கச் சொன்னார்” என்று ஒருவர் சொல்வார். பேசியவர் சொன்னது “வணக்கம் செலுத்துங்கள்” என்றிருக்கும். மறையுரை யூடியூபில் இருந்தால் நிமிடம், விநாடியோடு குறியுங்கள். இல்லையென்றால் குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒரு ஏ4 தாளை நெடுவாட்டில் மூன்றாகப் பிரிக்கவும். முதல் பத்தியில் பேசியவரின் வாக்கியம், முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே. இரண்டாவதில் அவர் காட்டிய வசனம். மூன்றாவதில் ஒரே ஒரு எழுத்து: கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை என்றால் ‘போ’, பேசியவரின் சொந்தக் கருத்து அல்லது உதாரணம் என்றால் ‘க’, ஊர்வழக்கம் என்றால் ‘வ’. எந்த எழுத்து என்று தெரிய கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் எண்களைப் பார்த்துவிடுங்கள். பிரசன்னத்துக்கு (கிறிஸ்து நற்கருணையில் மெய்யாக இருப்பது) 1374, பொருள்மாற்றத்துக்கு (அப்பத்தின் உட்பொருளே மாறுவது) 1376, பலிக்கு 1367, அப்பம் மட்டும் வாங்குவதற்கு 1390, மற்ற சபையாரோடு நற்கருணைப் பகிர்வுக்கு 1400, புனிதர் பரிந்துரைக்கு 956, மரியாள் வணக்கத்துக்கு 971. வகுப்பில் பதில் சொல்லவேண்டியது ‘போ’ வரிசைக்கு மட்டும். தேர்பவனியில் யாரோ சாமியாடினார், மாதாவுக்குப் பட்டுப்புடவை சாத்தினார்கள் என்பதெல்லாம் ‘வ’. அதைப் பிடித்துக்கொண்டால், “அது எங்கள் போதனையே இல்லை” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

இரண்டு வேதாகமம் மேசையில் இருக்கட்டும்: நம் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, கத்தோலிக்கர் வாசிக்கும், 1995இல் வந்த திருவிவிலியம் ஒன்று. சொற்கள் வேறுபடும். 1 தீமோத்தேயு 2:5இல் நமக்கு “மத்தியஸ்தர்”, அவர்களுக்கு “இணைப்பாளர்”. நாம் வெளிப்படுத்தின விசேஷம் என்பதை அவர்கள் திருவெளிப்பாடு என்பார்கள். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இரண்டு சொல்லும் ஒரே கிரேக்கச் சொல்லைத்தான் குறிக்கின்றன என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

தேதியையும் பாருங்கள். கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. இரண்டாம் ஆண்டில், அதாவது 2024, 2027 என்று வரும் ஆண்டுகளில், ஜூலை கடைசி தொடங்கி ஐந்து ஞாயிறு யோவான் 6 வாசிக்கப்படும். ஆனால் 2027இல் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை. அன்று விண்ணேற்பு விழா வாசகங்கள் வருவதால், ‘என் மாம்சத்தைப் புசித்து’ என்ற மையப் பகுதியான 6:51–58 அந்தச் சுற்றில் விடுபடும். முதல் ஆண்டில் அதே பகுதி கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவில் வரும். உங்கள் வகுப்பை அதற்கு அடுத்த வாரம் வையுங்கள். கேட்டது மனதில் ஆறாமல் இருக்கும்.

நற்கருணை: நான்கு கேள்விகளைக் கலக்காதீர்கள்

கிறிஸ்து அங்கே இருக்கிறாரா? எப்படி இருக்கிறார்? அது பலியா? யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும்? இவை நான்கும் வெவ்வேறு கேள்விகள். துண்டுப்பிரதிகள் நான்கையும் ஒரே மூச்சில் அடிக்கும். கேட்பவருக்கு எதுவும் நிற்காது.

முதல் கேள்வியில் லுத்தரன் சபைக்கும் கத்தோலிக்கருக்கும் சண்டையே இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “மெய்ப்பிரசன்னத்தை 1215இல் கண்டுபிடித்தார்கள்” என்று சொல்வது பிழை. 1215இன் நான்காம் லாத்தரான் சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை) உறுதிப்படுத்தியது பொருள்மாற்றம் என்ற விளக்கச் சொல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாக்களான அந்தியோகியா இக்னாசியுவும் யுஸ்தீனும் நற்கருணையைக் கிறிஸ்துவின் மாம்சம் என்று பேசியிருக்கிறார்கள். ஃபாதர் அவர்களை மேற்கோள் காட்டினால் திகைக்கவேண்டாம்.

இரண்டாவது கேள்வியில் பிரிவு தொடங்குகிறது. அப்பத்தின் உட்பொருளே மாறிவிடுகிறது, நிறமும் சுவையும் மட்டும் நிற்கின்றன என்பது 1551இல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது. இதற்கு 1 கொரிந்தியர் 11:26, 27, 28 மூன்றையும் வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆசீர்வதித்த பிறகும் பவுல் மூன்று தரமும் அதை “அப்பம்” என்றே அழைக்கிறார். 10:16இலோ நாம் பிட்கிற அப்பம் கிறிஸ்துவின் சரீரத்தின் ஐக்கியம் என்கிறார். அப்பமும் இருக்கிறது, சரீரமும் இருக்கிறது. எப்படி என்று தத்துவம் பேசி விளக்க வேதம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதே நம் நிலை. இதற்கு மேல் இங்கே நேரம் செலவிட வேண்டாம்.

யோவான் 6க்கு மட்டும் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஃபாதரின் வாதம் லேசானதல்ல. 52இல் யூதர் வாதாடியும் இயேசு தம் பேச்சைத் தணிக்கவில்லை. 54 முதல் கிரேக்கத்தில் வினையே மாறி, மென்று தின்பதைக் குறிக்கும் சொல் வருகிறது. 66இல் சீஷர் பலர் விட்டுப்போகிறார்கள், அவர் கூப்பிட்டுத் திருத்தவில்லை. இவ்வளவையும் வகுப்பில் நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் 40ஆம் வசனத்தையும் 54ஆம் வசனத்தையும் அருகருகே எழுதுங்கள். 40இல் குமாரனைக் கண்டு விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன், கடைசிநாளில் எழுப்புதல். 54இல் புசித்துப் பானம்பண்ணுகிறவனுக்கு அதே நித்தியஜீவன், அதே கடைசிநாள். வாக்குத்தத்தம் ஒன்றாக இருப்பதால் புசிப்பது என்பதும் விசுவாசிப்பதையே குறிக்கிறது. “விசுவாசி, அப்போதே நீ உண்டுவிட்டாய்” என்ற கருத்தில் சபைப் பிதா அகுஸ்தீன் இந்த அதிகாரத்தை விளக்கியதைக் கத்தோலிக்கரும் மறுக்கமாட்டார்கள். லூத்தரும் 1520இலேயே, யோவான் 6 திருவிருந்தைப் பற்றிய பகுதி அல்ல என்று ஒதுக்கிவைத்துவிட்டார். அவர் மெய்ப்பிரசன்னத்துக்கு ஊன்றிய கால் “இது என் சரீரம்” என்ற ஏற்படுத்தலின் வார்த்தைகளில்.

இங்கே ஒரு குழி உண்டு. 63ஆம் வசனம், “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது.” யாராவது கையை உயர்த்தி இதை வாசித்து, “முடிந்தது வாதம்” என்பார்கள். இது ஸ்விங்லியின் ஆயுதம். லூத்தர் மார்பர்க்கில் ஏற்கவில்லை. இந்த மாம்சம் கிறிஸ்துவின் மாம்சம் என்றால், 51இல் உலகத்தின் ஜீவனுக்காக அவர் கொடுப்பதாகச் சொன்ன மாம்சமும் உதவாததாகிவிடும். சிலுவையும் அதோடு போய்விடும். 63 பேசுவது ஆவியில்லாத மனுஷ புத்தியை என்று விளக்கி நகருங்கள்.

மூன்றாவது கேள்வியே மையம்: பலி. திரெந்து சங்கம் 1562இல் சொன்னது இது: திருப்பலியில் ஒப்புக்கொடுக்கப்படுபவர் சிலுவையில் பலியானவரே, ஒப்புக்கொடுப்பவரும் அவரே, முறை மட்டும் வேறு, இது இரத்தம் சிந்தாத பலி. “கத்தோலிக்கர் இயேசுவைத் திரும்பத் திரும்பச் சிலுவையில் அறைகிறார்கள்” என்ற குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள். திரும்பச் செய்வதல்ல, அந்த ஒரே பலியை இன்று முன்னிலைப்படுத்துவது என்று ஃபாதர் பதில் சொல்வார். அவர்கள் போதனை அதுதான். அதற்குப் பதிலாக எபிரெயர் 10:10 முதல் 18 வரை ஒரே வீச்சில் வாசியுங்கள். 10, 14இல் “ஒரேதரம்”, “ஒரே பலியினாலே” என்று வருவதோடு நிற்காதீர்கள்; 18 தான் கூர்மையானது. பாவமன்னிப்பு உண்டானால் “இனிப் பாவத்தினிமித்தம் பலிசெலுத்தப்படுவதில்லையே” என்கிறது. நம் மறுப்பு ‘எத்தனை தரம்’ என்பதல்ல, ‘யார் யாருக்குக் கொடுப்பது’ என்பது. திருவிருந்தில் தேவன் நமக்குக் கொடுக்கிறார். நாம் பாவத்துக்காக அவருக்கு எதையும் செலுத்துவதில்லை. நாம் செலுத்துவது எபிரெயர் 13:15இன் ஸ்தோத்திரபலி. அவுக்ஸ்புர்க் அறிக்கைக்காக 1531இல் லூத்தரின் உடன் ஊழியர் மெலாங்க்தன் எழுதிய தற்காப்பு நூலும் இந்த இரண்டு வகைப் பலியையும் பிரித்தே பேசுகிறது. கை நீட்டி வாங்குவதும் கை நீட்டிக் கொடுப்பதும் என்று இரண்டு விதமாகக் கையை வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கும் புரியும்.

மரித்தவர்களுக்காகப் பூசை வைப்பது இதிலிருந்து கிளைக்கிறது. “காசுக்குப் பூசை” என்று கேலி செய்யாதீர்கள். வியாபாரத்தின் சாயல்கூடப் படக்கூடாது என்பது அவர்கள் சட்டத் தொகுப்பின் 947ஆம் விதி. நாம் கேட்கவேண்டியது, மரித்தவருக்காகப் பலி செலுத்தும்படி கர்த்தர் திருவிருந்தை ஏற்படுத்தினாரா என்ற ஒன்றைத்தான்.

நான்காவது, பாத்திரம். மத்தேயு 26:27, “நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்.” 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுமக்களுக்குப் பாத்திரத்தை நிறுத்தியது. அப்பம் ஒன்றிலேயே முழுக் கிறிஸ்துவும் இருக்கிறார் என்பது அவர்கள் நியாயம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இரண்டையும் கொடுக்க அனுமதி உண்டு என்றாலும், நம் ஊர்க் கோயில்களில் வழக்கமாக அப்பம் மட்டும்தான். இதில் விவாதமே தேவையில்லை. வசனத்தை வாசித்தால் போதும்.

புனிதர்களிடம் வேண்டுதல்

முதலில் ஒரு சொல்லைச் சுத்தம் செய்யவேண்டும். தமிழில் ‘வணங்கு’ என்றால் தெருவில் எதிர்ப்படுகிறவருக்கும் வணக்கம், சாமிக்கும் வணக்கம். கத்தோலிக்கர் கடவுளுக்கு மட்டும் ஆராதனை, புனிதருக்கு வணக்கம், மரியாளுக்கு மேலான வணக்கம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நாம் “மாதாவை வணங்குகிறார்கள்” என்றால் அவர்கள் “ஆமாம்” என்பார்கள்; வாதம் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். சொல்லை விட்டு, ஜெபத்தின் வாசகத்தைப் பாருங்கள். மன்றாட்டு மாலையில் ஆண்டவரிடம் கேட்பது “எங்கள்மேல் இரக்கமாயிரும்”. புனிதரிடம் கேட்பது “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்”. இந்த வேறுபாட்டை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அதே மரபின் ‘கிருபை தயாபத்து’ ஜெபம் மரியாளை “எங்கள் ஜீவியமே”, “எங்கள் தஞ்சமே” என்று அழைக்கிறது. அங்கே வேறுபாடு கரைந்துவிடுகிறது. லூத்தர் குறிவைத்ததும் இந்த ஜெபத்தைத்தான். வகுப்பில் காட்டத்தக்க ஆதாரம் இது.

இனி, விட்டுக்கொடுக்கவேண்டிய இடம். பரலோகத்தில் இருக்கும் பரிசுத்தவான்கள் திருச்சபைக்காகப் பொதுவாக ஜெபிக்கிறார்கள் என்பதை மெலாங்க்தன் மறுக்கவில்லை. மக்கபேயர் இரண்டாம் நூல் 15இல் எரேமியா மக்களுக்காக வேண்டுவதையும் அவரே குறிப்பிடுகிறார். அதன் பிறகு அவர் கேட்பதுதான் நம் வகுப்பின் முதுகெலும்பு: அவர்கள் ஜெபிக்கட்டும்; நாம் அவர்களைக் கூப்பிடவேண்டும் என்பதற்கு வேதத்தில் கட்டளை உண்டா, வாக்குத்தத்தம் உண்டா, முன்மாதிரி உண்டா? கரும்பலகையில் இந்த மூன்று சொல்லை எழுதி, ஃபாதர் காட்டிய ஒவ்வொரு வசனத்தையும் அதில் ஓட்டிப் பாருங்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 5:8. மூப்பர் கையில் பரிசுத்தவான்களின் ஜெபங்களாகிய தூபவர்க்கம். ஜெபம் அவர்கள் கையில் இருக்கிறது என்று சொல்கிறது. அவர்களை நோக்கி ஏறெடுக்கப்பட்டது என்று சொல்லவில்லை. எபிரெயர் 12:1இன் மேகம்போன்ற சாட்சிகளைப் பார்த்து ஓடச் சொல்கிற வசனம், அடுத்த வரியிலேயே கண்ணை இயேசுவின்மேல் வைக்கச் சொல்கிறது. கானாவூர்க் கலியாணத்தில் மரியாள் உயிரோடு பந்தலில் இருந்தவர், அவர் வேலைக்காரரிடம் சொன்ன கடைசி வார்த்தை, “அவர் உங்களுக்கு என்ன சொல்லுகிறாரோ, அதின்படி செய்யுங்கள்.” அதே பகுதியில் வரும் “ஸ்திரீயே” என்ற சொல்லை எடுத்து மரியாளை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. சிலுவையிலிருந்தும் அன்போடு அதே சொல்லால்தான் அழைத்தார் (யோவான் 19:26). அதைத் தொடாதீர்கள்.

ஃபாதர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “உங்கள் ஐயரிடம் (போதகரிடம்) எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறீர்களே, புனிதரிடம் கேட்டால் என்ன?” இதற்கு 1 தீமோத்தேயு 2:5ஐ மட்டும் வாசித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2:1இல் மற்றவர்களுக்காக வேண்டுதல் செய்யச் சொல்லியிருப்பதை அவர் எடுத்துக்காட்டுவார். ஐந்தையும் ஒன்றையும் சேர்த்தே வாசியுங்கள். உயிரோடிருக்கும் சகோதரனிடம் கேட்பதற்குக் கட்டளையும் (யாக்கோபு 5:16) முன்மாதிரியும் (பவுல் தன் சபைகளிடம் கேட்பது) உண்டு. மரித்தவரிடம் கேட்பதற்கு மூன்றில் ஒன்றும் இல்லை. மேலும், நெய்வேலியிலும் நாகப்பட்டினத்திலும் ஒரே நேரத்தில் மனதுக்குள் கேட்பவர்களின் வேண்டுதலை ஒரு புனிதர் எப்படி அறிவார்? கடவுள் அறிவிக்கிறார் என்பது அவர்கள் பதில். அப்படியானால் ஏற்கெனவே அறிந்தவரிடம், நமக்காக வேண்டுதல்செய்ய எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர் மூலமாக (எபிரெயர் 7:25), நேரே போகத் தைரியம் தரும் வசனம் எபிரெயர் 4:16.

உபாகமம் 18:11ஐக் கொண்டு “செத்தவர்களிடம் பேசுவது பாவம்” என்று சொல்லாதீர்கள். அது குறிகேட்பதைத் தடுக்கிறது. வேண்டுதல் கேட்பது குறிகேட்பது அல்ல என்பார்கள். நம் வாதம் ஒரு படி இறங்கிவிடும். அதுபோல, மரியாளை ‘இணை மீட்பர்’ என்று வத்திக்கான் போதிக்கிறது என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பட்டத்தைப் பயன்படுத்தவேண்டாம் என்று 2025 நவம்பரில் வத்திக்கானே சொல்லிவிட்டது.

நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். குறிப்பிட்ட ஊழியக்காரர் தலையில் கைவைத்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று வரிசையில் நிற்கிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். அதுவும் இன்னொரு மத்தியஸ்தர்தான். உயிரோடிருப்பவர் என்பது மட்டும் வித்தியாசம். இதை நாமே சொல்லாவிட்டால் வகுப்பில் வேறு யாராவது சொல்வார்கள்.

வகுப்பு அன்று

ஆராதனை முடிந்து நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்காரமாட்டார்கள். ஐந்து நிமிடம் ஃபாதர் சொன்னதை அப்படியே வாசிப்பது, பதினைந்து யோவான் 6, பத்து எபிரெயர் 10, பத்து கட்டளை–வாக்குத்தத்தம்–முன்மாதிரி, ஐந்து கேள்விகள். இரண்டு பொருளும் சேர்ந்தால் பிதுங்கும்; முடிந்தால் இரண்டு ஞாயிறாகப் பிரியுங்கள். லூத்தர் எழுதிய ஷ்மால்கால்டு பிரிவுகள் என்ற கொள்கை அறிக்கையில் இருக்கும் ‘அந்திக்கிறிஸ்து’ வசைகளைச் சத்தமாக வாசிக்கவேண்டாம். சபையில் பாதிப் பேருக்கு அத்தையோ மாமியாரோ கத்தோலிக்கர்.

இந்தக் கரையில் இந்த வாதத்துக்கு முந்நூறு ஆண்டு வயது. தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து வீரமாமுனிவர் 1728இல் ‘வேத விளக்கம்’ எழுதினார். கடலூர் மிஷனில் லுத்தரன் மிஷனரி கீர்னாண்டர் ஊழியம் செய்தபோது 1749இல் இங்கிருந்த கத்தோலிக்கக் கோயிலை ஆங்கிலேயர் பறித்து மிஷனிடம் கொடுத்தார்கள். 1758இல் பிரெஞ்சுப் படை வந்ததும் அவர் ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. அந்தக் கோயில் வேதவசனத்தால் கிடைத்ததல்ல. வகுப்பில் யாராவது ‘அன்றைக்கே ஜெயித்தோம்’ என்று பெருமை பேசினால் இதைச் சொல்லி உட்காரவையுங்கள்.

வழக்கமாகக் கடைசியில் வரும் கேள்வி: சம்பந்தி வீட்டுத் துக்கப் பூசையில் நான் நற்கருணை வாங்கலாமா? கத்தோலிக்கச் சபையே தன் 1400ஆம் எண்ணில் பொதுவாக அனுமதிப்பதில்லை. “கிறிஸ்துவின் உடல்” என்று ஃபாதர் சொல்லும்போது “ஆமென்” என்பது அவர்கள் போதனை முழுவதற்கும் சம்மதம். எழுந்து வரிசையில் போகாமல் இருக்கையிலேயே இருந்து ஜெபியுங்கள். பக்கத்தில் இருப்பவர் வெளியே போகவேண்டுமானால் முழங்காலை ஒதுக்கி வழிவிடுங்கள். மன்றாட்டு மாலை வந்தால் “இரக்கமாயிரும்” என்ற வரிகளில் சேர்ந்து சொல்லலாம், மற்றவற்றில் மௌனமாக இருக்கலாம். தயாரித்த தாளை, வகுப்புக்கு முந்தின வாரமே, தெரிந்த கத்தோலிக்கர் ஒருவரிடம் கொடுத்து முதல் பத்தியை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். “நாங்கள் இப்படித்தான் சொல்கிறோம்” என்று அவர் ஒப்புக்கொண்ட வாக்கியங்களுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.